இரும்புக்குக் கை தூக்கியவள்

இரும்புப் பைப்பே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோவிந்தப்பா கன்னடத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லி முடிப்பதற்குள் லாவண்யாவின் கை மேலே போய்விட்டது.

மொட்டைமாடியில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள். அந்தக் கட்டடத்திலேயே துருத்தண்ணீர் அதிகம் வருவது அவள் வீட்டில்தான். மூன்றாம் மாடிக்கு ஏறி வருவதற்குள் காவேரித் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் அவள். தைப்பதற்கு முன் நனைத்துப் போடுகிற வெள்ளை லைனிங் துணி காவியாகி வெளியே வரும்.

ஊரெல்லாம் பிளாஸ்டிக் பைப்புக்கு மாறி எத்தனையோ வருடமாகிறது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இந்த ஒரு கட்டடத்தில் மட்டும், குடிதண்ணீர்ப் பைப் இரும்பாகவே இருக்க வேண்டும் என்று சங்கம் தொடங்கிய காலத்தில் போட்ட விதி அப்படியே கிடந்தது. அதை மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பஞ்சாயத்து.

முதல் மாடி வெங்கடசாமி இரும்புக் கட்சி. பிளாஸ்டிக்கை எலி கடிக்கும், வெயிலில் இளகும், குழந்தை தொங்கினால் கையோடு வந்துவிடும் என்று அடுக்கினார். அவர் வீட்டில் குழந்தையே கிடையாது.

இரண்டாம் மாடி சாந்தகுமாரி பிளாஸ்டிக் கட்சி.

“உங்க வீட்டுத் தண்ணியில தூள் போடாமலே டீ போடலாம்ண்ணா. எலி கூட அதைக் குடிக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். லாவண்யா சிரிக்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

அவளுக்கு அந்தப் பைப் தண்ணீர் வருகிற வழி மட்டும் அல்ல.

தரைத்தளத்துக் கேசவ்தான் மோட்டார் போடுகிறவன். போட்டதும் ஸ்பேனரால் பைப்பில் தட்டுவான். மேலே அவள் குடத்தை வைப்பாள். நிரம்பியதும் கரண்டியால் தட்டுவாள், மோட்டார் நிற்கும். இது வேலை.

பிறகு, மழை தூறினாலும் தட்டினான். மாடியில் காய்கிற துணியை எடுங்கள் என்று அர்த்தம். எடுத்துவிட்டேன் என்று அவளும் தட்டினாள். இது வேலையில் சேருமா என்று அவள் யோசிக்கவில்லை.

அதற்கும் பிறகு, மழையும் இல்லாத, தண்ணீரும் வராத நாட்களில் தட்டு கேட்கத் தொடங்கியது. மெட்ரோ வேலைக்குக் கிளம்பும்போது பலமாக ஒன்று, மெல்ல இரண்டு. திரும்பி வந்ததும் அதே. பதில் தட்டாமல் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்ததே இல்லை.

படியில் நேருக்கு நேர் பார்த்தாலோ இருவருக்கும் வாய் எழாது. இருவரும் தனியாட்கள், கேட்பார் யாருமில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

பிளாஸ்டிக்கில் எந்தக் கரண்டியால் தட்டினாலும் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது.

கோவிந்தப்பா கைகளை எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். மீதி கேசவ் ஒருவன்தான்.

லாவண்யாவுக்கு மூச்சு வந்தது. அவன் எந்தக் கட்சி என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்.

கேசவ் பிளாஸ்டிக்குக்குக் கை தூக்கினான்.

ஆயித்து, முடிந்தது என்று கோவிந்தப்பா எழுந்தார். வெங்கடசாமி எலிகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினார். சாந்தகுமாரி கோழிகளை விரட்டுவதுபோல் எல்லோரையும் கீழே ஓட்டிக்கொண்டு போனாள்.

முகத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று லாவண்யா கொடிப் பக்கம் திரும்பி, காயாத துணிகளை உருவத் தொடங்கினாள்.

பின்னால் செருமல் கேட்டது. கேசவ் இறங்கிப் போயிருக்கவில்லை.

“அந்தப் பைப்பு இருக்கிற வரைக்கும் தட்டியே காலம் போயிடுங்க. அது போச்சுன்னா, தண்ணி வந்ததைச் சொல்ல நான் மாடியேறி வந்துதானே ஆகணும்?”

அவள் ஈரத்துணியை மார்போடு அணைத்தபடி நின்றாள். பதில் சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் கை கரண்டியைத் தேடியது.

அப்போது கீழே யாரோ பைப்பில் தட்டுகிற சத்தம் கேட்டது.

மாடிச் சுவரோரம், துணி அலசும் குழாயில் வந்து முடிகிற அதே இரும்புப் பைப். பலமாக ஒன்று, மெல்ல இரண்டு.

தட்டுகிறவனோ இங்கே நிற்கிறான்.

இரண்டாம் மாடியிலிருந்து அதற்குப் பதில் தட்டு வந்தது. முதல் மாடியிலிருந்து இன்னொன்று. கனத்த கை, வெங்கடசாமியுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பைப் எல்லா வீட்டுச் சமையலறை வழியாகவும்தான் மேலே வருகிறது என்பது லாவண்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது.