கயிற்றைப் பிடித்த கை

பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வந்த கூட்டத்தோடு படகு தீவை நெருங்கியது. அலை முரண்டு பிடித்தது. அந்தப் பதற்றத்தில் கயிற்றுக்காரன் பழைய பழக்கமாய்க் கயிற்றைத் துறைமேடைக்கு வீசிவிட்டான். அங்கே நின்று பிடித்துக் கட்டும் வேலை அவன் அண்ணனுடையது. அண்ணனைப் போன மழைக்காலத்தில் கடல் கொண்டுபோய்விட்டது, உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இவனேதான் குதித்துக் கட்டிவந்தான்.

கயிறு விறைத்தது. படகு அடங்கி நின்றது. மேடையில் ஈ காக்கை இல்லை. தூணில் அண்ணன் போடும் இடக்கை முடிச்சு.

"யாருண்ணே கட்டினது?" என்று படகோட்டியிடம் கேட்டான்.

வேலைக்குப் புதிதாய் வந்திருந்த அவர் சிரித்தார். "எறிஞ்சவன் நீ, கேக்குறது என்னையா? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

சனங்கள் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிப் பார்த்து, படம் பிடித்துத் திரும்பும்வரை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் படகில் ஏறிய பிறகும், மேடைக்குப் போட்டிருந்த பலகையை உள்ளே இழுக்காமல் நின்றான்.

"இன்னும் யாருக்குடா காத்திருக்க?"

"ஒரு நிமிஷம்ணே." மேடைப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணி இன்னும் உனக்கும் சேத்துத்தான் தட்டு வைக்கிறாங்க. வா, வீட்டுக்குப் போலாம்."

கயிறு தளர்ந்தது. பலகை நடுவில் ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. அவன் ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டான்.