தோணாவில் நாலு தவளை

“ராத்தா, தவளைட மரபணுவப் பாத்தா, அது எந்த ஊர்த் தவளை எண்டும் தெரியுமா?”

மஃரிப் தொழுத கையோடு வந்த நஸ்லியா, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள். அவள் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஆகிலா பல்கலைக்கழகத்தில் தவளைகளை ஆராய்பவள். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“தெரியும். எந்த மலை, எந்த ஓடை எண்டே சொல்லும். ஏன்கா?”

“அப்ப பொலிஸ் பிடிச்சி நான் மறியலுக்குத்தான் போகணும்.”

“ஏ.எல். சோதினைக்கு முந்தியா, பிந்தியா?”

“பகிடி உடாதீங்க ராத்தா!”

மாரியில் அந்த வீதியின் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்கு அனுப்புவது வீடுகளுக்குப் பின்னால் கிடக்கும் தோணா என்ற நீரோடைதான். அதை மண் போட்டு நிரப்பிக் கடைத்தொகுதி கட்டப் போகிறார்கள். நிரப்பினால் வெள்ளம் வீடுகளுக்குள் வரும். வீதிக் கூட்டத்தில் ஆகிலா ஒரு வழி சொன்னாள்: அழிந்துவரும் தவளை அங்கே வாழ்வதாகக் காட்டினால் நிரப்ப விடமாட்டார்கள். தவளையின் படத்தையும் காட்டினாள். பிறகு வலையோடு இறங்கித் தேடியபோது, அந்த இனத்திலேயே நாலு தவளைகள் அகப்பட்டன. வீதியே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது. தவளைகளின் வாயில் பஞ்சு ஒற்றி எடுத்த மாதிரிகள் மரபணுச் சோதனைக்குக் கொழும்புக்குப் போயின. முடிவு இன்றுதான் வந்திருந்தது.

“சொல்லுகா, என்ன செஞ்சாய்?”

“ஸ்கூல் ட்றிப்ல நுவரெலியா போனமே... ஓடைக்கரையில ஒண்டப் பிடிச்சி, சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள போட்டுக் கொண்டு வந்து தோணாக்குள்ள உட்டுட்டன்.” அழுகை வந்துவிட்டது. “வாப்பாக்குத் தெரிஞ்சா கொன்னுபோடுவார்.”

“உன்ட வாப்பா ஒண்டும் செய்யமாட்டார்.”

“உங்களுக்குத் தெரியா. அடுத்த வளவு மாங்காயக் கேக்காமப் பிடுங்கினத்துக்கே ஒரு கிழமை என்னோட கதைக்கல்ல.”

“அவர் நேத்து வந்து இப்பிடித்தான் அழுதார். அரிசி லொறியில பதுளைக்குப் போன இடத்தில பிடிச்சாராம். இண்டைக்குக் காலையில பள்ளிவாசல் மோதினார் வந்தார். மாத்தளையில கட்டிக் குடுத்த மகள், சீனிப் போத்தலுக்குள்ள போட்டு அனுப்பினாவாம்.”

நஸ்லியா மூக்கை உறிஞ்சினாள். அழுகை நின்றுவிட்டது.

“வாப்பாவுமா?”

“ஓம்.”

“அப்ப மத்த ஒண்டாவது தோணாட சொந்தத் தவளைதானே ராத்தா? அது ஒண்டு போதும்தானே? நிரப்ப ஏலாதுதானே?”

“அதுவும் மலையில பிடிச்சதுதான்.”

“அல்லாஹ்வே! அத ஆர் கொண்டு வந்து உட்ட?”

ஆகிலா மடிக்கணினியை மூடினாள்.

“நீங்க எல்லாரும் என்னிட்ட வந்து அழுறீங்க. நான் ஆரிட்டகா போய் அழுற?”