சொந்தப் படம்

இந்நேரம் மேட்னிக்கு இடைவேளை விட்டிருப்பார்கள்.

அவர் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே மூடிய கதவு. உள்ளே அவர் மனைவி வள்ளிநாயகி.

வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். வெளியே வந்த டாக்டர் சொன்னார்.

"முதல் மூணு நாள் பாக்கணும்யா. திங்கட்கிழமை ஆயிட்டா பயமில்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பின்னே? வெள்ளி, சனி, ஞாயிறு. ஆயுசு பூராவும் அவர் கட்டிக்கொண்டு அழுதது இந்த மூன்று நாளைத்தானே.

இன்று ஞாயிறு.

போன் அடித்தது. சென்னையில் சினிமா சேனல் நடத்துகிறவர். புதுப்படம் வந்தால் கூப்பிடுவார்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி, மூணு நாள்ல வசூல் எவ்வளவு தேறும்? ஒரு நம்பர் சொல்லுங்களேன்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். நம்பராம் நம்பர்.

ஒரு காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் எந்தப் படம் வந்தாலும் விநியோகஸ்தர்கள் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். அவரும் விநியோகஸ்தர்தான். ஆனால் படத்தைப் பார்க்க மாட்டார். இடைவேளையில் தியேட்டர் வாசல் பெட்டிக்கடையில் போய் நிற்பார். மணி அடித்ததும் பாதி சிகரெட்டைப் போட்டு மிதித்துவிட்டு ஆட்கள் உள்ளே ஓடினால், படம் தாங்கும். கடைசி இழுப்பு வரைக்கும் நின்று இழுத்தால், படப்பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அது பாதிக் கணக்கு.

மீதி வள்ளிநாயகியுடையது. அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பாள். படம் விட்டு வரும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசலில் நின்று, வருகிற பெண்களிடம் முடிவு என்ன என்று கேட்பாள். கடகடவென்று கதையை ஒப்பித்துவிட்டால் தீர்ந்தது. "நான் சொல்ல மாட்டேன், நீயே போய்ப் பாரு" என்றால் திங்கட்கிழமையும் கூட்டம் வரும்.

சொல்ல மாட்டேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும். வள்ளிநாயகி முகமெல்லாம் பல்லாக வருவாள்.

பிறகு ஆற்றுப் பாலத்தில் நடந்து வீட்டுக்கு வருவார்கள். அவர் ஒரு தொகை சொல்வார். அவள் உதட்டைப் பிதுக்குவாள். ஆற்றுக் காற்றில் அவள் முந்தானை அவர் முகத்தில் வந்து அடிக்கும். அதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு அவர் சண்டை போடுவார். பாலம் முடிவதற்குள் ஒரு நம்பருக்கு வந்துவிடுவார்கள். அந்த நம்பர் பெரும்பாலும் அவளுடையதாக இருக்கும். மறுநாள் சென்னைக்குப் போனில் சொல்லும்போது அவருடையதாகிவிடும்.

"பேரு உங்களுக்கு, முறுக்கு எனக்கு" என்பாள் அவள், அவர் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஒன்றே ஒன்று.

சொந்தப் படத்துக்கு மட்டும் நம்பர் சொல்லக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். நாம் வாங்கிய படத்தில் நமக்குக் கண் தெரியாது என்பாள்.

ஒரே ஒரு தடவை மீறினார். அவள் வளையலையும் சேர்த்துப் போட்டு வாங்கிய படம். ஐம்பது நாள் ஓடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞாயிறு சாயங்கால ஆட்டத்துக்கு ஆபரேட்டரும் அவரும்தான் இருந்தார்கள்.

"கை லேசா இருக்கு" என்றாள் வள்ளிநாயகி. அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி டீ கப்போடு வெளியே வந்தாள். காலையிலிருந்து உட்காராத முகம். ஜன்னல் பக்கம் நின்று இரண்டு மடக்கு குடித்திருப்பாள்.

உள்ளே மணி அடித்தது.

பாதி டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

தாங்கும், என்றது அவர் மனசு.

பழக்கதோஷம்.

மறுநொடியே உறைத்தது. இது தியேட்டர் இல்லை. இங்கே பாதியில் விட்டுவிட்டு ஓடினால் அதற்கு அர்த்தம் வேறு.

எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் இல்லாமல் தன்னால் ஒரு நாள்கூட முடியாது என்று நினைத்தார். ஜன்னல் விளிம்பில் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

கதவு மறுபடி திறந்தது. அதே நர்ஸ்.

"பக்கத்து பெட்டுக்கு ஒயர் கழண்டிருச்சு ஐயா, வேற ஒண்ணுமில்ல. அம்மா முழிச்சிருக்காங்க. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வாங்க."

உள்ளே போனார்.

உதடு வெடித்திருந்தது. கையில் ஊசி. வளையல் இல்லாத அந்தக் கையைத் தொட்டார். அவள் கண்ணைத் திறந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி" என்றாள். ஊரார் கூப்பிடுகிற மாதிரியே, கேலிக்கு. "திங்கட்கிழமை தாங்குமா?"

டாக்டர் உள்ளேயும் அதையே சொல்லியிருக்க வேண்டும்.

தாங்கும் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

"சொந்தப் படத்துக்குச் சொல்லக் கூடாதுல்லா."

குனிந்து அவள் காதருகே கேட்டார்.

"நீ சொல்லு. முடிவு என்ன?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நான் சொல்ல மாட்டேன். இருந்து பாருங்க."

வெளியே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நர்ஸ் ஜன்னல் பக்கம் வந்து ஆறிப்போன டீயை எடுத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை.

கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று குடித்தாள்.