ரொம்பப் பயந்த பொண்ணு

ஹெட்கான்ஸ்டபிள் சுப்பராயன் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பதற்குள், செங்கமலம் கொல்லைப்பக்கமாக வெளியேறிவிட்டாள். அவளாகப் போகவில்லை. அம்மா செல்லம்மாள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். தண்டலத்தில் அத்தை வீடு இருந்தது. வரப்பு வழியாகவே போய்ச் சேர்ந்துவிடலாம்.

வாசலில் தனியாக நின்றார் அப்பா தாண்டவராயன். அறுபத்தைந்தாம் வருடத்துக் கத்திரி வெயில் பென்னலூரையே பொசுக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் குளிர் ஜுரம் வந்த மாதிரி உடம்பு உதறியது.

உதறாமல் என்ன செய்யும்? ஜனவரியில் இந்தி எதிர்ப்பு என்று மெட்ராஸில் காலேஜையெல்லாம் மூடிவிட்டார்கள். பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த மகள் ஊருக்கு வந்தாள். வந்தவள் வீட்டில் சும்மா இருந்தாளா? நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு போய், தபாலாபீஸ் பலகையில் இருந்த இந்தி எழுத்தின் மேல் தாரைப் பூசிவிட்டு வந்தாள். ஏணியில் ஏறியவள் அவள்தான். பையன்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்களாம்.

அவர்களில் ஒருவன் பிடிபட்டு ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். யார் பெயரையும் அவன் சொல்லவில்லை. என்றைக்குச் சொல்வானோ என்று தாண்டவராயனுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, லீவுக்கு வந்திருக்கிற மகள் தினமும் பதினோரு மணிக்கு பெங்களூர் ரோட்டில் போய்த் தபால்காரருக்காகக் காத்து நிற்கிறாள். அடுத்த கலாட்டாவுக்கு எங்கிருந்து கடிதம் வரப்போகிறதோ.

"செங்கமலம்ன்றது உன் பொண்ணாய்யா?" கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார் சுப்பராயன்.

"ஆமாங்க ஏட்டையா. ஆனா ஊர்ல இல்லீங்க. அத்தை வூட்டுக்குப் போயிகீது."

அதனால் பரவாயில்லை, உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று ஏட்டு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். என்ன விஷயம் என்று தாண்டவராயன் மென்று விழுங்கிக் கேட்டதற்கு, முதலில் கேட்கிறதுக்குப் பதில் சொல், எல்லாம் அப்புறம் என்றார்.

வயது என்ன, படிப்பு என்ன, எத்தனை வருடமாக இந்த ஊர் என்று ஆரம்பித்தது. பிறகு பெண் எவ்வளவு உயரம், உடம்பில் என்ன அடையாளம் என்று போனது. ஆளைப் பிடிக்கத்தான் என்று தாண்டவராயனுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கல்யாணமாகாத பெண்ணை ஜெயிலில் போட்டால் அப்புறம் அவளை யார் கட்டுவான்?

"கட்சி, ஊர்வலம்னு எங்கனா சுத்துதா?"

வந்துவிட்டது.

"அது வூட்டை வுட்டு வெளியவே வராதுங்க ஏட்டையா. ரொம்பப் பயந்த பொண்ணு."

ஆரம்பிக்கத்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு பொய் தானாக வந்தது. திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டால் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் என்றார். இருட்டிவிட்டால் கிணற்றடிக்குக்கூடத் துணைக்கு ஆள் வேண்டும் என்றார். போன வருடம் மாட்டுக்கொட்டகையில் புகுந்த நல்லபாம்பை அடித்துப் போட்டவள் இதே செங்கமலம்தான். அப்போது இவர் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

ஏட்டு பேனாவை நிறுத்தினார்.

"படிச்ச பொண்ணாச்சேய்யா. கொஞ்சம்கூடவா தைரியம் கெடையாது?"

கேட்டவரின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் தாண்டவராயனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. வசமாகக் கிடைத்த கேஸ் கை நழுவுகிறதே என்று வருத்தப்படுகிறார் போல. இன்னும் ஒன்று போட்டால் மனுஷன் எழுந்து போய்விடுவார்.

"ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் போட்டு வுழுந்துடும்ங்க. நாங்க கோழி அறுத்தா, அது பக்கத்து வூட்டுல போயி குந்திக்கும்."

சொல்வதெல்லாம் நிஜம்தானா என்று ஏட்டு இரண்டு தடவை கேட்டார். தாண்டவராயன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். செய்த கையோடு அதனிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

சுப்பராயன் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டி, மைப்பெட்டியைத் திறந்து கைநாட்டு வாங்கினார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

தாண்டவராயனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பிழைத்தாள். உடனே தண்டலத்துக்கு ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும், இனிமேல் எந்த வம்பும் வேண்டாம் என்று காலில் விழுந்தாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மரியாதைக்கு வேப்பமரம் வரை கூடவே நடந்தார். பயம் விட்டுப்போனதால்தான், இதெல்லாம் எதற்கு என்று கேட்கவும் அவருக்கு வாய் வந்தது.

சுப்பராயன் பெடலில் ஒரு காலை வைத்தபடி, பாவமாக அவரைப் பார்த்தார்.

"மனு போட்ட உன் பொண்ணைப் பட்டாளத்துல நர்ஸ் ஆபீசரா எடுக்கலாமானு கேட்டு எழுதியிருந்தாங்கய்யா."