கொள்ளிக்குடமும் கதிரையும்

“மூத்தவன் நான் இருக்கேக்கை, நீ எப்பிடியடா கொள்ளிக்குடம் தூக்குவாய்?”

நிருஷன் சத்தத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டான். ஆனாலும் முன்விறாந்தையில் குந்தியிருந்த கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனோஜன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“அண்ணை, நீங்கள் லண்டனுக்குப் போய் இருபது வருசம். பிளேன் ஏறேக்கை மூத்தவன் எண்ட நினைப்பு வரேல்லையே?”

“தேவையில்லாத கதை கதைக்காதை. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசி. அதுதான் முறை. அம்மாவுக்கு நீ வை, ஆர் வேண்டாமெண்டது?”

“அம்மா எம்பி இல்லையே அண்ணை!”

கட்சியின் மாவட்டச் செயலாளர் இராசநாயகம் இருவருக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பவர். எந்தத் தலைமுறையில் சீனி கூட, எந்தத் தலைமுறையில் குறைவு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பரமலிங்கம் எம்பி போன கிழமை கூட்ட மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். மூத்த மகன் லண்டனிலிருந்து வந்திறங்கிய அன்றே, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து சாவகச்சேரி வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் கிடத்தினார்கள். மனைவி கமலாவதி தலைமாட்டை விட்டு அசையவில்லை. பதிகம் பாடுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வளவுக்குள் பந்தல்காரன் தகரங்களை இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

சண்டை வெறும் குடத்துக்காக அல்ல. இவர்களின் அப்பப்பா, பரமலிங்கத்தின் தகப்பன், செத்தபோது, பரமலிங்கம் வெறும் மேலுடன் தோளில் கொள்ளிக்குடம் சுமந்து போன படம் பேப்பரின் முதல் பக்கத்தில் வந்தது. அடுத்த தேர்தலில் அதே படத்தைத்தான் துண்டுப்பிரசுரத்தில் போட்டார்; கொள்கை என்று தனியாக ஒன்றும் அச்சடிக்கத் தேவைப்படவில்லை. அன்றைக்கு ஏறிய கதிரையிலிருந்து அவர் பிறகு இறங்கவே இல்லை.

தனோஜனுக்கு அந்தப் படம் மனப்பாடம். செத்தவீடு, கலியாணவீடு, கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று தகப்பனுக்குப் பதிலாக அவன் இத்தனை வருடம் ஓடித் திரிந்ததெல்லாம், ஒருநாள் தானும் அப்படி ஒரு படத்தில் நிற்பதற்காகத்தான்.

“வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடை தேர்தல் வேட்புமனு குடுக்கிற நேரம் முடியுது,” என்றார் இராசநாயகம். “ஆரின்ரை பேர், ஆரின்ரை பேர் எண்டு கொழும்பிலையிருந்து தலைவர் அரிச்செடுக்கிறார். எங்கடை கட்சியிலை குடும்ப அரசியல் இல்லை, அது உங்களுக்குத் தெரியும். மச்சான்மார், மருமக்கள் ஒருத்தரையும் எடுக்கமாட்டம். மகன்மாரிலை ஒராள்தான். குடத்தோடை படத்திலை ஆர் நிக்கிறாரோ, அவருக்குத்தான் இடமாம்.”

“அப்ப நான்தான்,” என்றான் நிருஷன்.

“லண்டன்காரருக்கு ஆர் வோட்டுப் போடுறது?”

“நான் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான் வைச்சிருக்கிறன். இருபது வருசமா அங்கத்தைப் பாஸ்போட் எடுக்காமல் குளிருக்கை கிடந்தது ஏனெண்டு நினைக்கிறாய்?”

தனோஜன் திடுக்கிட்டுப் போனான். தான் மட்டும்தான் காத்திருந்தவன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

இராசநாயகம் தொண்டையைச் செருமினார். “தம்பிமார், ஒரு வழி சொல்லுறன். குடத்தைத் தனோஜன் தூக்கட்டும். கொள்ளியை நிருஷன் வைக்கட்டும். முறையும் பிழைக்காது. படம் எடுக்கிறவன் சந்தியிலை குடத்தைப் படமெடுத்திட்டு அப்பிடியே திரும்பிடுவான், சுடலைக்கு வரமாட்டான்.”

“அப்ப எனக்கு என்ன கிடைக்கும்?”

“மாகாண சபைத் தேர்தல் வந்தால் முதல் பேர் உங்கடை.”

நிருஷனின் முகம் மலர்ந்தது. அந்தத் தேர்தல் எப்போது வரும் என்று லண்டனிலிருந்து வந்தவன் கேட்கவில்லை. வருடக் கணக்காகத் தள்ளிப்போகிற தேர்தலைப் பற்றி உள்ளூர்க்காரர் இருவரும் வாய் திறக்கவும் இல்லை.

“சுடலைக்கு எடுக்கிறது எப்ப?” என்று தனோஜன் கேட்டான்.

“வியாழன் பின்னேரம். வெள்ளி விடியப் பேப்பரிலை படம். சனம் கண்ணைத் துடைக்க முன்னம் நாங்கள் கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிட்டை மனுவைக் குடுத்திடலாம்.”

“பறைமேளம்?”

“ரெண்டு கூட்டம் சொல்லியாச்சு. ஐயாவின்ரை மரியாதைக்கு ஒண்டு காணாது.”

இராசநாயகம் கொழும்புக்குப் போன் எடுத்தார். “ஓம் ஐயா... சின்னவர்தான். ஓம், ஓம், குடம் அவர்தான். பேரைப் போடலாம்.”

தனோஜனின் வலது தோள் தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தது. அண்ணன் கையை நீட்டினான். தம்பி பிடித்துக் குலுக்கினான். இருபது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

பதிகச் சத்தம் நின்றுபோயிருந்தது. கதவைத் திறந்துகொண்டு கமலாவதி வந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

தனோஜன் ஓடிப்போய்த் தாயின் கையைப் பிடித்தான். “அழாதேங்கோ அம்மா. நானும் அண்ணையும் சமாதானமாப் போட்டம். இனி ஒரு பிரச்சினையும் இல்லை.”

“நீங்கள் கதைச்சதெல்லாம் உள்ளை கேட்டதடா,” என்றாள் கமலாவதி. பிறகு செயலாளரின் பக்கம் திரும்பினாள்.

“இராசநாயகம், புதன்கிழமை தாண்டாது எண்டு டொக்டர் கையை விரிச்ச மனிசன், எழும்பிக் குந்தியிருந்து தேத்தண்ணி கேக்கிறார். உங்களை உடனை உள்ளை வரட்டாம். மனுவிலை இந்தமுறையும் தன்ரை பேரையே போடட்டாம்.”