குளிர் அறையில் ஒரே டேக்

இருட்டில் தொம்மென்று ஏதோ விழுந்தது. அதற்குப் பின்னால் ரெமியின் கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது.

அவள் டிரம்ஸை நிறுத்தவில்லை. ஸ்டூலை உதைத்திருப்பான். வேகம் வந்தால் உதைப்பான்.

வெளியே தூத்துக்குடியின் மத்தியான வெயில். உள்ளே, மூடிப்போன ஐஸ் பேக்டரியின் குளிர் அறை. ஜன்னல் கிடையாது. டியூப்லைட்டின் ரீங்காரம் மைக்கில் ஏறிவிடும் என்று அதையும் அணைத்திருந்தார்கள்.

இரண்டே பேர் கொண்ட ராக் பேண்ட். நடுவில் ஒரே மைக். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து, ஒருவருக்கொருவர் முதுகு காட்டி வாசித்து, ஒரே டேக்கில் பதிவு செய்வார்கள். பிறகு ஒட்டுவேலை எதுவும் கிடையாது. தப்பு வந்தால் தப்போடு போகும். பாதியில் நிறுத்துவது மட்டும் கூடாது. பேஸ் கிட்டாருக்கு ஆள் எங்கே என்று யாராவது கேட்டால், ரூம்தான் வாசிக்கிறது என்பான் ரெமி. வாய் ஜாஸ்தி அவனுக்கு.

அந்த வாய் காலையிலிருந்து சரியாகத் திறக்கவில்லை. இடது தோளையே தடவிக்கொண்டிருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் பையைக்கூட எடுத்துவிட்டாள்.

“ஏட்டி, ஒரு டேக்கு. முடிச்சுட்டுப் போவோம்.”

மாதக்கணக்காகப் பிடிகொடுக்காத பாட்டு. அவளுக்கும் ஆசை விடவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

ஊளை நீண்டது.

ஆம்ப்ளிபையரை ஒட்டிக் கிட்டாரைப் பிடித்தால் அப்படித்தான் கத்தும். அவன் எப்போதும் செய்வதுதான். ஆனால் இப்படி அசங்காமல், ஒரே சுருதியில் பிடித்ததே இல்லை. பயலுக்குக் கை தேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். புல்லரித்தது. சந்தோஷத்தில் இன்னும் ஓங்கி அடித்தாள்.

அவன் பாட வேண்டிய இடம் வந்தது.

பாடவில்லை.

அடுத்த சுற்றில் பாடுவான்.

அந்தச் சுற்றும் போனது. எழுந்து விளக்கைப் போட்டால் டேக் போய்விடும்.

எழவில்லை.

கடைசி அடியை அடித்துவிட்டு, சிம்பல் தட்டைக் கையால் பிடித்து அமர்த்தினாள். இனி அவன் கம்பிகளில் கை வைத்து ஊளையை அடக்க வேண்டும்.

“ஏலே, போதும்ல. கையை வை.”

ஊளை கொஞ்சமும் மாறவில்லை.

விளக்கின் சுவிட்ச் இரண்டே எட்டில்தான் இருந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பாமலே குச்சிகளை எடுத்து, பாட்டை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.