கடலுக்கு வந்த கல்

தூத்துக்குடிக் கடலில் மிதக்கும் குடியிருப்பில் பிறந்த ஜெர்லின், ஆறு வயதாகியும் தரையை மிதித்ததே இல்லை. அவளுக்குப் பிடித்துப்போனால் கரைக்கே குடிபோய்விடலாம் என்ற ஆசையில், பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கல் உடைத்துப் பார்க்கும் முகாமுக்கு அவளைக் கூட்டிப்போனாள் அம்மா செலின்.

கரைப் பிள்ளைகள் சுத்தியலால் கல்லை உடைத்து, உள்ளே மின்னுவதை லென்சில் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஜெர்லினோ ஒரு பாறையை இறுகக் கட்டிக்கொண்டு எழவே மறுத்தாள்.

"யம்மா, தரை ஆடுது. வீட்டுக்குப் போவோம்."

"ஆடலட்டி. ஆடாம நிக்குதுல்லா, அதான் ஒனக்கு அப்படித் தோணுது."

கிளம்பும்போது ஆளுக்கொரு கல் கொடுத்தார்கள். ஜெர்லின் தன் உருண்டைக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து கீழே வைத்தாள். அலைக்கு வீடு சாயச் சாய, அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக உருண்டது.

"பாவம், இதுக்குத் தலை சுத்துதும்மா. கரையிலயே கொண்டு விட்டுருவோம்."

"ரெண்டு நாள்ல பழகிரும்," என்றாள் செலின்.

கல்யாணமாகிக் கரையிலிருந்து இங்கே வந்த அன்று அவளுக்கும் இதைத்தான் சொன்னார்கள். எப்போதும்போல் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே குனிந்து, உருண்டு வந்த கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.